கதவு கிடக்கட்டும், விமானத்தை ஓட்டுங்கள்

போன இதழில் எரிபொருள் டாங்க்கில் தண்ணீர் சேர்வதைப் பற்றி எழுதியிருந்தேன். நடுவே ஒரு வரியில், "கதவைச் சரியாகத் தாழிட்டோமா என்பதைக் கண்ணால் பார்க்காதீர்கள், கையால் பாருங்கள்" என்று சொல்லிப் போனேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டன. சரி, இந்த இதழ் முழுக்கக் கதவுதான். சிறு விமானங்களைப் பழுது பார்ப்பது என் தொழில், ஓட்டவும் செய்வேன். பதில்களில் கிரீஸ் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பயிற்சி மாணவன். பைப்பர் பிஏ-28 விமானத்தில் டேக்-ஆஃப் ஆகி முந்நூறு அடி ஏறியிருப்போம். 'டமார்' என்று ஒரு சத்தம். வலப்பக்கக் கதவின் மேல்பகுதி திறந்துகொண்டது. காற்று இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை, மடியில் இருந்த காகிதங்கள் பறந்தன. பயிற்றுநரோ கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரன்வேயைச் சுற்றி வரும் வழக்கமான சுற்றை முடித்து இறங்கினார். கதவு அவர் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஏன் மூடவில்லை என்று கேட்டால் சிரிக்கிறார்.

உங்கள் பயிற்றுநருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அன்றைக்கு அவர் நடத்திய மிக நல்ல பாடம் அதுதான். வாயைத் திறக்காமல் நடத்தியிருக்கிறார்.

முதலில் விமானத்தின் பக்கத்திலிருந்து பார்ப்போம். கதவு திறந்த விஷயம் விமானத்துக்குப் பெரிதாக உறைப்பதில்லை. பிஏ-28 கையேட்டிலேயே எழுதியிருக்கிறது: கதவு திறந்திருந்தாலும் விமானம் பறக்கும் விதத்தில் மாற்றம் இல்லை, வழக்கம்போல் இறங்கலாம், வேகம் சற்றுக் குறையும். கதவின் கீல் முன்பக்கம் இருப்பதால் எதிர்க்காற்றே அதை விமானத்தின் உடம்போடு அணைத்துப் பிடித்துவிடுகிறது. முதலில் ஒரு அறை அறைந்து திறக்கும். அப்புறம் சில அங்குல இடைவெளியில் நின்று படபடக்கும். அகலத் திறந்து பிய்த்துக்கொண்டு போகும் என்று மனம் கற்பனை செய்யும், அது பெரும்பாலும் நடப்பதில்லை.

இனி விமானியின் பக்கம். முந்நூறு அடி உயரம், மூக்கு மேலே தூக்கியிருக்கிறது, வேகம் அதிகமில்லை. அந்த நேரத்தில் காதருகே வெடிச்சத்தம். கை தன்னால் கதவுக்குப் போகும். உடம்பு வலப்பக்கம் திரும்பும், இடக்கையில் பிடித்திருக்கும் கண்ட்ரோல் அதோடு சேர்ந்து இழுபடும். மூக்கு இன்னும் ஏறும், வேகம் இறங்கும். கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பவர் வேகமானியைப் பார்ப்பதில்லை. இறக்கை தாங்கும் சக்தியை இழந்து விமானம் சரியும்போது, மீட்க அந்த உயரம் போதாது. கதவு திறந்ததாகத் தொடங்கிய விபத்து அறிக்கைகளைப் படித்துப் பாருங்கள், கதவால் விழுந்த விமானம் அபூர்வம். கதவை மூடப் போய் விழுந்தவைதான் அதிகம். அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை விமானிகளுக்காக வெளியிடும் கையேடும் இதையேதான் சொல்கிறது: கதவு திறப்பது பெரிய ஆபத்தில்லை, அந்தக் கணத்தில் விமானி என்ன செய்கிறார் என்பதில்தான் ஆபத்து.

அதே கையேட்டில் இன்னும் சில நல்ல வார்த்தைகள் உண்டு. கதவை எட்டுவதற்காக சீட் பெல்ட்டைக் கழற்றாதே. அவசர அவசரமாகத் தரைக்குத் திரும்பாதே. செக்லிஸ்டை முழுசாகப் படி. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கதவு இரைச்சலில் புத்தி முழுக்கப் போய், சக்கரத்தை இறக்க மறந்து வயிற்றில் தரையிறங்கியவர்கள் உண்டு. திறந்த கதவோடு பத்திரமாக இறங்கியிருக்க வேண்டிய விமானம், புரொப்பெல்லர் வளைந்து எங்களிடம் வந்து சேரும்.

ஒரு நுணுக்கம். விமானம் பக்கவாட்டில் சறுக்கினால், சறுக்கும் பக்கத்துக் கதவு அதிகம் திறக்கும், எதிர்ப்பக்கம் சறுக்கினால் மூடும். அதனால் திறந்த கதவோடு இறங்கும்போது அந்தப் பக்கமாகச் சறுக்கி உயரம் குறைக்கும் வித்தை வேண்டாம். சறுக்கலைக் காட்டும் கருவியில் பந்தை நடுவில் வைத்து, கொஞ்சம் அகலமான சுற்றாக அடித்து இறங்கினால் போதும்.

டேக்-ஆஃப் ஓட்டத்திலேயே, சக்கரம் தரையில் இருக்கும்போதே திறந்தால் கதை வேறு. முன்னால் ரன்வே தாராளமாக இருந்தால் திராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) மூடி நிறுத்திவிடுங்கள். எந்த இடம் வரை நிறுத்தலாம் என்பதை ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். சத்தம் கேட்ட பிறகு யோசித்தால் பாதி ரன்வே போயிருக்கும்.

அது சரி, அன்றைக்கு ஏன் திறந்தது என்று நீங்கள் கேட்கவில்லையே? நானே ஊகித்துச் சொல்கிறேன். வெயில் நேரம், உள்ளே புழுக்கம். தரையில் ஓட்டிச் செல்லும்போது காற்று வரட்டும் என்று கதவை ஒரு சாண் திறந்து கையால் பிடித்தபடி போயிருப்பீர்கள். பிஏ-28 ஓட்டும் எல்லோரும் செய்வதுதான், ஒரே ஒரு கதவு உள்ள விமானத்தில் வேறு வழியும் இல்லை. ரன்வே முனைக்கு வந்ததும் கதவை இழுத்து, பக்கவாட்டுக் கைப்பிடியைத் தாழிட்டிருப்பீர்கள். கூரையில் தலைக்கு மேலே ஒரு சின்னத் திருகுப்பிடி இருக்கிறதே, அதை மறந்திருப்பீர்கள். மேல்பகுதி மட்டும் திறந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதே சாட்சி.

கேள்வி: தோழி விமானி உரிமம் வாங்கியிருக்கிறாள். அவளுடைய நான்கு இருக்கை விமானத்தில் கூப்பிடுகிறாள். கதவு திறந்தால் வெளியே உறிஞ்சி இழுத்துவிடும் என்று படங்களில் பார்த்த பயம். போகலாமா?

தாராளமாகப் போங்கள், அம்மா. நீங்கள் பார்த்த காட்சியெல்லாம் உள்ளே காற்றழுத்தம் ஏற்றிய பெரிய விமானங்களுடையது. அவை உயரத்தில் பறக்கும்போது உள்ளே அழுத்தம் அதிகம், வெளியே குறைவு. அந்த வித்தியாசம் ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் ஐந்து டன்னுக்கு மேற்பட்ட பாரத்தோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய போயிங் 737-9 விமானத்தில், கதவுக்குப் பதிலாகப் பொருத்தியிருந்த அடைப்பு ஒன்று சுமார் 14,800 அடியில் பிய்த்துக்கொண்டு போனது நினைவிருக்கும். அதைப் பிடித்திருக்க வேண்டிய 4 போல்ட்டுகள் மாட்டப்படவே இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. அதில்கூட யாரும் உயிரிழக்கவில்லை.

உங்கள் தோழியின் விமானத்தில் அழுத்தம் ஏற்றும் ஏற்பாடே இருக்காது. உள்ளே இருக்கும் காற்றும் வெளியே இருக்கும் காற்றும் ஏறக்குறைய ஒரே அழுத்தம். கதவு திறந்தால் இரைச்சல் வரும், குளிரும், முடி கலையும், கையிலிருக்கும் வரைபடம் பறக்கலாம். பெல்ட் போட்டிருக்கும் உங்களை எதுவும் இழுக்காது. பெல்ட்டை மட்டும் இறுக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பறக்கும்போது கதவை மூடவே கூடாதா? ஒருவர் மூடலாம் என்கிறார், இன்னொருவர் தொடாதே என்கிறார்.

இருவரும் வேறு வேறு விமானம் ஓட்டுகிறவர்களாக இருப்பார்கள்.

செஸ்னா 172 கையேடு மூடலாம் என்கிறது. கதவு சரியாக மூடாமல் திறந்துகொண்டால் அதற்காகத் தரையிறங்க வேண்டியதில்லை. சுமார் 75 நாட் (மணிக்கு ஏறத்தாழ 140 கி.மீ.) வேகத்தில் விமானத்தை டிரிம் செய்து, அதாவது கையை எடுத்தாலும் அதே வேகத்தில் பறக்கும்படி நிலைநிறுத்தி, கதவை லேசாக வெளியே தள்ளி, பிறகு பலமாக இழுத்து மூடித் தாழிடு என்று சொல்கிறது. பிஏ-28 கையேடும் வழி சொல்கிறது: வேகத்தைக் குறை, உள்ளே காற்று வரும் துளைகளை மூடு, விமானியின் பக்கத்துச் சின்ன ஜன்னலைத் திற. பக்கத் தாழ் திறந்திருந்தால் கைவைக்கும் கட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டே கைப்பிடியைத் திருப்பு. இரண்டும் திறந்திருந்தால் முதலில் பக்கத் தாழ், அப்புறம் மேல் தாழ். பீச்கிராஃப்ட் பொனான்ஸாவோ வேறு சுபாவம். அதன் கையேடு, கதவு மூன்று நான்கு அங்குலம் திறந்து நிற்கும், வழக்கம்போல் திரும்பி வந்து இறங்கு என்கிறது. இறங்கும் கடைசிக் கணத்தில் காற்றின் பிடி தளர்ந்து கதவு வீசித் திறக்கலாம் என்பதால், முடிந்தால் பயணி ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லவும் சொல்கிறது. பொனான்ஸா கதவை வானத்தில் மூடப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நடக்கிற காரியமில்லை.

வேகத்தைக் குறைக்கச் சொல்வது ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விமானத்தின் பக்கவாட்டிலும் கூரை வளைவிலும் காற்று வேகமெடுத்து ஓடுகிறது, அங்கே அழுத்தம் குறைந்து கதவு வெளியே உறிஞ்சப்படுகிறது. 120 நாட் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2,300 நியூட்டன். அதில் பாதி அளவு உறிஞ்சல் கதவு மேல் சராசரியாக இருக்கிறது, கதவின் பரப்பு 0.8 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 95 கிலோ எடை கதவை வெளியே இழுக்கிறது. உட்கார்ந்தபடி ஒற்றைக் கையால் அதை இழுத்து மூட எந்தப் பயில்வானாலும் முடியாது. அதே கதவு 75 நாட்டில்? 37 கிலோ. வேகம் பாதியானால் விசை கால்பங்காகும் என்பதுதான் இங்கே வேலை செய்கிறது. காற்றுத் துளையை மூடி ஜன்னலைத் திறப்பதும் இதே கணக்குத்தான்: உள்ளே வந்து கதவைத் தள்ளும் காற்று நிற்கும், இருக்கும் காற்றும் ஜன்னல் வழியே கொஞ்சம் வெளியேறும்.

மூடலாம் என்று கையேடு சொன்னாலும் என் கருத்து ஒன்று உண்டு. நல்ல உயரம், பக்கத்தில் இன்னொருவர், மேகமில்லாத வானம், இவ்வளவும் இருந்தால் ஒரு முறை முயன்று பாருங்கள். தனியாக இருந்தால் விட்டுவிடுங்கள். சத்தம் காதைத்தான் வருத்தும்.

கேள்வி: பறந்துகொண்டிருக்கும்போது வெளியே யாரோ சுத்தியலால் அடிப்பது போல் டக் டக் டக் என்று சத்தம். எஞ்சின் போச்சு என்று நினைத்தோம். இறங்கிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.

வலப்பக்க சீட் பெல்ட்டின் நுனியைப் பாருங்கள். கதவிடுக்கில் மாட்டி, கொக்கியோடு வெளியே தொங்கி, தகரத்தில் அடித்திருக்கும். கதவுக்குக் கீழே பெயின்ட் போன ஒரு தழும்பும் இருக்க வேண்டும். இந்தச் சத்தத்தை எஞ்சின் கோளாறு என்று நினைத்து வயலில் இறக்கியவர்களும் உண்டு. கதவு மூடும் முன் பெல்ட் நுனி மடியில் இருக்கிறதா என்று பாருங்கள். யாரும் உட்காராத இருக்கையின் பெல்ட்டையும் கோர்த்துப் பூட்டிவிடுங்கள், மாட்டுவது பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: எங்கள் கிளப்பின் செஸ்னாவில் இடக்கதவை நான்கு முறை அறைந்தால்தான் மூடுகிறது. புதிதாக ரப்பர் சீல் போட்ட பிறகு இன்னும் மோசம். கார் கதவு ஒரு தட்டில் மூடுகிறதே, விமானக் கதவுக்கு என்ன கேடு?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

கார் கதவு கனமான எஃகு. அதன் சட்டம் வளையாது, அறைந்தால் அதன் எடையே அதை மூடும். உங்கள் செஸ்னா கதவு மெல்லிய அலுமினியத் தகடு, இரண்டு பக்கமும் தகடு வைத்து ரிவெட் அடித்தது. ஒரு கையால் தூக்கிவிடலாம். அறைந்தால் மூடாது, கோணும். ஒவ்வோர் அறைக்கும் கீல் கொஞ்சம் தளரும், கதவின் பின் மேல்மூலை கொஞ்சம் வெளியே வளையும். மூடவில்லை என்று அறைகிறீர்கள், அறைவதால் மூடுவதில்லை. இப்படியே போகும்.

தாழ்ப்பாளைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கதவின் பின் விளிம்பிலிருந்து ஒரு நாக்கு வெளியே வரும். கதவு நிலையில் அதை வாங்கிக்கொள்ள ஒரு தகடு இருக்கும், நாங்கள் ஸ்ட்ரைக்கர் என்போம். நாக்கு அந்தத் தகட்டில் முழு ஆழத்துக்குப் போய் உட்கார வேண்டும். நுனி மட்டும் பட்டு நின்றால் தரையில் மூடியது போலவே தெரியும், மேலே உறிஞ்சல் வந்ததும் நழுவிவிடும். நாக்கின் நுனியில் பளபளவென்று தேய்ந்த இடம் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் மட்டும் பளபளத்தால் அது நுனியில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்ட்ரைக்கரை நகர்த்தியோ, அடியில் மெல்லிய தகடு வைத்தோ சரி செய்யலாம். அதை உரிமம் உள்ள மெக்கானிக் செய்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் ஸ்க்ரூடிரைவரோடு இறங்காதீர்கள்.

இனி சீல். பழைய சீல் தட்டையாகி, காற்று புகுந்து, குளிரில் யாராவது புகார் செய்திருப்பார்கள். கையில் கிடைத்த தடிமனான ரப்பரை ஒட்டியிருப்பார்கள். அது கதவைச் சுற்றிலும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது, நாக்கு ஸ்ட்ரைக்கருக்குள் போகவிடாமல். சீல் என்பது அழுந்த வேண்டிய பொருள், எதிர்த்துப் போராட வேண்டிய பொருள் கிடையாது. ஒரு சோதனை சொல்கிறேன். காகிதத்தை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவே வைத்து மூடுங்கள். மெல்ல இழுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடித்து, கிழியாமல் வர வேண்டும். ஓரிடத்தில் கிழிந்து இன்னோரிடத்தில் சும்மா வந்தால் சீல் பொருந்தவில்லை, அல்லது கதவு கோணியிருக்கிறது. கீல் பக்கத்தில் இறுக்கமாகவும் தாழ்ப்பாள் பக்கத்தில் தளர்வாகவும் இருந்தால், நான் முதலில் கீலைத்தான் சந்தேகிப்பேன்.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு வார்த்தை. தாழ்ப்பாள் இறுகினால் கிரீஸை அப்பிவிடுகிறார்கள். ஒரு மாதம் நன்றாக இருக்கும். அப்புறம் தூசியெல்லாம் அதில் ஒட்டி, உப்புத்தாள் மாதிரி அரைக்க ஆரம்பிக்கும். பழையதைத் துடைத்து எடுத்துவிட்டு, பராமரிப்புக் கையேடு சொல்லும் எண்ணெயை, சொல்லும் இடத்தில், சொட்டளவு. ரப்பர் சீலுக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது, ஊறிப்போகும். சிலிக்கோன் பூச்சு போதும்.

கைப்பிடியையும் பாருங்கள். 172-இல் உள்கைப்பிடிக்கு மூன்று நிலை: திற, மூடு, பூட்டு. பூட்டு நிலைக்கு முன்னால் தள்ளும்போது, உச்சியைத் தாண்டிவிட்டதும் தன்னால் போய் உட்கார்ந்து, கைவைக்கும் கட்டையோடு மட்டமாகப் படிய வேண்டும். அந்தத் தாண்டல் கையில் தெரியும். தெரியவில்லை, வழுவழுவென்று போகிறது என்றால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. பொனான்ஸாக்காரர்களுக்கு: பூட்டிய பிறகு, பாதுகாப்புப் பொத்தானை அழுத்தாமல் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். நகரக்கூடாது.

கேள்வி: இவ்வளவு இறுக்கிப் பூட்டினால் விபத்தில் எப்படி வெளியே வருவது?

நல்ல கேள்வி. கையேடுகளும் இதை யோசித்திருக்கின்றன. செஸ்னா 172-இன் அவசரத் தரையிறக்கச் செக்லிஸ்டில், தரையைத் தொடும் முன் கதவுகளைத் தாழ் நீக்கு என்று ஒரு வரி இருக்கிறது. டேக்-ஆஃபுக்கு முன் பூட்டச் சொன்ன அதே புத்தகம்தான். காரணம் எளிது: மோதலில் விமானத்தின் உடம்பு நெளிந்தால் கதவு நிலையும் நெளியும், தாழிட்ட கதவு நிலைக்குள் இறுகிக்கொள்ளும். முன்பே தாழ் நீக்கியிருந்தால் காலால் உதைத்தாவது திறக்கலாம்.

தண்ணீரில் இறங்கும் விமானங்களில் இது உயிர்ப்பிரச்சினை. 2009 நவம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சாட்டர்னா தீவருகே ஒரு பீவர் மிதவை விமானம் கடலில் விழுந்தது. 8 பேரில் 6 பேர் உயிரிழந்தார்கள். நெளிந்த கதவுகள் திறக்கவில்லை என்பது விசாரணையில் வந்தது. அதன் பிறகுதான் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், மிதவை விமானங்களில் விபத்துக்குப் பிறகு சட்டென்று வெளியேற உதவும் கதவுகளும் அவசர வழிகளும் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

செஸ்னா 206 ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். பின்பக்கம் வலப்புறத்தில் இரட்டைச் சரக்குக் கதவு இருக்கிறது. ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) இறங்கியிருந்தால் முன்பாதிக் கதவு அதில் இடித்து, சில அங்குலம்தான் திறக்கும். அந்த இடுக்கில் கைவிட்டுப் பின்பாதிக் கதவின் நெம்புகோலைத் திருப்பினால்தான் வழி. தரையிறங்கும் விமானத்தில் ஃபிளாப் இறங்கித்தானே இருக்கும்! தலைகீழாக, இருட்டில், தண்ணீருக்குள் ஒரு பயணி இதைத் தானாகக் கண்டுபிடிப்பார் என்று நான் நம்பவில்லை. கிளம்பும் முன் அவர் கையைப் பிடித்து அந்த நெம்புகோலில் வைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: சாமான் வைக்கும் கதவு திறந்தாலும் இதே அலட்சியம் போதுமா?

போதாது. விமானத்தின் பின்பகுதியில் இருக்கும் சாமான் கதவு என்றால், உள்ளிருப்பது பறந்து வாலில் படலாம். இரட்டை எஞ்சின் விமானங்களில் மூக்கில் சாமான் அறை இருக்கும், அது இன்னும் மோசம். அங்கிருந்து ஒரு கயிறோ துணியோ எஞ்சின் உறையோ வெளியேறினால் நேரே புரொப்பெல்லருக்குப் போகும். அந்தக் கதவுகள் மேல்நோக்கித் திறப்பவையாக இருந்தால் விமானியின் கண்ணெதிரே எழுந்து நின்று ஆடும், மனிதனை அதைவிடக் குழப்ப வேறொன்று வேண்டாம். எஞ்சினைக் கிளப்பும் முன் நீங்களே போய்ச் சாவியால் பூட்டுங்கள். சாமான் ஏற்றியவர் பூட்டியிருப்பார் என்று நம்பி ஏறி உட்காராதீர்கள்.

கேள்வி: பாராசூட் வீரர்கள் குதிக்கும் விமானங்கள் கதவைத் திறந்துகொண்டேதான் பறக்கின்றன. அவை மட்டும் எப்படி?

அவற்றின் கதவே வேறு. செஸ்னா 182 போன்றவற்றில் முன்கீல் கதவைக் கழற்றிவிட்டு, மேல்பக்கம் கீல் வைத்த கதவைப் போடுவார்கள். திறந்ததும் காற்றே அதை இறக்கையின் அடியில் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்குத் தனி அனுமதி, தனி வேக வரம்பு உண்டு. படம் எடுப்பதற்காகக் கதவைக் கழற்றிவிட்டுப் பறப்பதற்கும் அப்படித்தான். அனுமதி இல்லாமல் நீங்களாகக் கழற்றாதீர்கள்.

கேள்வி: என்னுடையது கண்ணாடி மூடி உள்ள விமானம். நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

முழுக்கப் பொருந்தாது. இதுவரை சொன்னது முன்கீல் வைத்த பக்கக் கதவுகளுக்கு. மூடியின் கீல் எங்கே என்று முதலில் பாருங்கள். முன்னால் கீல் என்றால் எதிர்க்காற்று அதைக் கொஞ்சமாவது அமுக்கிப் பிடிக்கும். பின்னாலோ பக்கத்திலோ கீல் என்றால், காற்று அடியில் புகுந்து முழுக்கத் திறந்துவிடும், பிய்ந்து வாலில் மோதவும் கூடும். எஞ்சின் இல்லாத கிளைடர்களில் இது பழைய தலைவலி. பின்னால் நகரும் மூடியில், க்ரம்மன் ஏஏ-5 போல, ஓரளவு திறந்தபடி பறக்கவே அனுமதி உண்டு, வேக வரம்போடு. டைமண்ட் டிஏ40-இல் மூடியும் பின்கதவும் சரியாகப் பூட்டாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். விளக்கு இருக்கிறதே என்று கைச்சோதனையை விட்டுவிடாதீர்கள். விளக்கு ஒரு சுவிட்சை மட்டும்தான் பார்க்கிறது, தாழ்ப்பாளின் ஆழத்தைப் பார்ப்பதில்லை.

உங்கள் விமானத்தில் மூடி திறந்தாலும் முதல் வேலை மாறாது, மூக்கைச் சரியான இடத்தில் வைத்து வேகத்தைக் காப்பாற்றுவது. முகத்தில் காற்று அறையும், கண்ணைத் திறக்க முடியாது. அதனால் மூடி விமானங்களில் சாதாரணக் கறுப்புக் கண்ணாடியாவது மாட்டிக்கொண்டு பறக்கச் சொல்வேன்.

கேள்வி: வலப்பக்கக் கதவருகே உட்காரும் பயணி கதவை மூடலாமா, விமானிதான் மூட வேண்டுமா?

மூடுவது யாராக இருந்தாலும் சரி, சரிபார்ப்பது விமானி. பயணி மரியாதைக்காக மெதுவாக மூடுவார், இல்லாவிட்டால் பயத்தில் அறைவார். இரண்டும் தப்பு. நான் பழக்கியிருக்கும் முறை இது. தரையில் ஓட்டிச் செல்லும்போது காற்றுக்குக் கதவு திறந்திருக்கலாம். ரன்வே முனையில் எஞ்சின் சோதனை முடிந்ததும், விமானி கை நீட்டி மேல் தாழைத் தொட வேண்டும், பக்கத் தாழைத் தொட வேண்டும், பிறகு கதவின் பின் மேல்மூலையை உள்ளங்கையால் வெளியே ஒரு தள்ளு தள்ள வேண்டும். அந்த மூலைதான் முதலில் விட்டுக்கொடுக்கும். வெளிச்சக்கீற்று தெரியக்கூடாது, அசையக்கூடாது. எல்லாம் ஐந்து விநாடி வேலை.

அப்புறம் பயணியைப் பார்த்து இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: "கதவு திறந்தால் பெரிய சத்தம் வரும், ஒன்றும் ஆகாது. நான் சொல்லும் வரை நீங்கள் அதைத் தொட வேண்டாம்." இதைச் சொல்லாமல் விட்டால், அவர் அலறிக்கொண்டு உங்கள் கையைப் பிடித்து இழுப்பார். கதவைவிட அதைச் சமாளிப்பது கஷ்டம்.